ஆடிக்காற்று முதுகைத் தள்ளும் பாதை தெரியுமா?

ஐரோப்பாவில் முதன்முறையாகச் சைக்கிள் சுற்றுலா போகிறவர்களுக்கு அனுபவசாலிகள் கைகாட்டும் பாதை எது தெரியுமா? ஜெர்மனியின் பாசவ் ஊரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, டான்யூப் ஆற்றங்கரையோடு போகும் சுமார் 320 கிலோமீட்டர். கோட்டைகள் இருக்கின்றன, மடாலயங்கள் இருக்கின்றன, வாகாவ் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களும் ஆப்ரிகாட் மரங்களும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாதை இத்தனை பேரை இழுப்பதற்கு அடிப்படைக் காரணம் அழகு இல்லை. ஆறு கிழக்கே ஓடுகிறது, அதோடு போகும் பாதையும் கிழக்கே மெல்ல இறங்குகிறது. காற்றோ பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கிறது. சரிவும் காற்றும் சேர்ந்து சைக்கிளைத் தள்ளுகின்றன! எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே பாதையில் போக முடிவது அதனால்தான்.

பாசவ் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே 300 மீட்டரை ஒட்டிய உயரத்தில், கிழக்கே ஓடும் ஓர் ஆற்றின் கரையில், மேற்கிலிருந்து காற்று அடிக்கும் இன்னோர் ஊரும் இருக்கிறது. அந்த ஊர் திருப்பூர்!

வியப்பாக இருக்கிறதல்லவா? நொய்யலும் கிழக்கே போய்க் காவிரியில் விழுகிறது, அமராவதியும் அப்படியே. கொங்கு மண்ணே மேற்கிலிருந்து கிழக்காகச் சாய்ந்த மண். உடுமலைப்பேட்டை 350 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கரூர் 120 மீட்டரை ஒட்டி இருக்கிறது. நடுவில் மலை இல்லை, கணவாய் இல்லை, மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம் இல்லை. ஐரோப்பாவுக்கு உடை தைத்து அனுப்பும் இந்த வட்டாரத்தில், ஐரோப்பியர்கள் விடுமுறைக்குத் தேடிப் போகும் நில அமைப்பே காலடியில் கிடக்கிறது. அதைச் சைக்கிளில் கடந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெரிய மதில். அதில் வாசல் மாதிரித் திறந்திருப்பது பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் 30 கிலோமீட்டரை ஒட்டிய அகலத்தில் திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மலையில் முட்டி, மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, இந்தத் திறப்பு வழியாகப் பீறிட்டுக்கொண்டு பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் பாய்கிறது. மே மாதக் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் வரை ஓயாது. பெதப்பம்பட்டி, குடிமங்கலம், பூளவாடி பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள் சுழலுவதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். அதில் இந்தக் கணவாய்க் காற்றின் பங்கு பெரிது. நூற்பாலைகளும் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களும் இங்கே சொந்தமாகவே காற்றாலை வைத்திருக்கின்றன.

இதை நினைத்துப் பாருங்கள்: உங்கள் முதுகைத் தள்ளுகிற அதே காற்று காற்றாலையைச் சுற்றுகிறது, அந்த மின்சாரம் நிட்டிங் மெஷினை ஓட்டுகிறது, அந்த மெஷின் பின்னிய துணிதான் உங்கள் உடம்பில் பனியனாக இருக்கிறது!

இன்னும் இருக்கிறது. ஆடியில் கேரளம் நனைந்துகொண்டிருக்கும்போது இந்த வட்டாரம் மழைமறைவில் காய்ந்து கிடக்கும். இங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆக, ஜூலை, ஆகஸ்டில் மழைக்கோட்டு தேவையில்லை, வெயிலும் சித்திரை வெயில் இல்லை, காற்றும் பின்னால். திட்டம் போடுகிறவர் மறக்கக் கூடாதது ஒன்றே ஒன்று: ஆடியில் மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். திருப்பிப் போட்டீர்களானால் தொலைந்தீர்கள். காற்றை எதிர்த்து மிதிப்பது எவ்வளவு கொடுமை என்பதைக் காட்ட நெதர்லாந்தில் ஒரு போட்டியே நடக்கிறது, தெரியுமா? 2013-லிருந்து, புயல்காற்று அடிக்கும் நாளாகப் பார்த்து, ஊஸ்டர்ஸ்கெல்டே கடல் தடுப்பணை மேல், கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளில் எட்டரைக் கிலோமீட்டர் எதிர்காற்றில் மிதிக்க வேண்டும். தேசிய எதிர்காற்றுச் சைக்கிள் சாம்பியன்ஷிப் என்றே அதற்குப் பெயர். உங்களுக்கு அந்தப் பட்டம் வேண்டாம் என்றால், உடுமலையில் ஏறி கரூரில் இறங்குங்கள்.

சரி, பாதை. அமராவதி அணையிலிருந்து தொடங்குவதுதான் என் தேர்வு. கோயம்புத்தூர், பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டைக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ஆனைமலை அடிவாரத்தில் அணை. அந்த அணையின் நீரில் முதலைகள் இன்றும் காட்டு வாழ்க்கை வாழ்கின்றன, தெரியுமா? 1970-களில் தொடங்கிய முதலைப் பண்ணையும் பக்கத்திலேயே இருக்கிறது. கரையில் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காயும் சதுப்புநில முதலைகளை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அணை ஓரத்தில் குளிக்க ஆசைப்பட வேண்டாம், அவ்வளவுதான்.

அங்கிருந்து கல்லாபுரம், கொழுமம், குமரலிங்கம், மடத்துக்குளம், கணியூர், கடத்தூர் என்று ஆற்றோடு ஊர்கள் கோத்துக்கொண்டே வருகின்றன. நெல், கரும்பு, தென்னை, வரப்பில் கொக்கு, ஒவ்வொரு ஊரிலும் ஆற்றைப் பார்த்த ஒரு பழைய கோயில். கொங்கு என்றாலே வறண்ட மேட்டுக்காடு என்று நினைத்திருப்பவர்கள் கல்லாபுரத்து வயல்களைப் பார்த்தால் தஞ்சாவூருக்கு வந்துவிட்டோமோ என்று திகைப்பார்கள். தாராபுரத்தில் இரவு தங்கி, சின்னதாராபுரம் வழியாகக் கரூர். அணையிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் 150 கிலோமீட்டர் வரும். நான்கு நாளில் நிதானமாக முடியும், அவசரப்பட்டால் இரண்டு. அவசரப்படாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

முடிகிற இடத்தைப் பாருங்கள். கரூரில் இதே அமராவதி ஆற்று மணலில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன! முசிறித் துறைமுகத்தில் இறங்கிய வணிகர்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்து சேரர்களின் கரூரை அடைந்தார்கள். காற்று வரும் வாசலே வணிகமும் வந்த வாசல். இன்று நீங்கள் சைக்கிளில் போவது அவர்கள் போன திசையிலேயே. அன்றைக்கு ஐரோப்பியப் பொன் வந்து இறங்கிய கரூரிலிருந்து இன்றைக்குப் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் ஐரோப்பிய வீடுகளுக்குப் போகின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கொடுக்கல் வாங்கலின் நடுவே மிதித்துக்கொண்டு போகிறீர்கள்.

அந்தக் கொடுக்கல் வாங்கலில் கல்லும் உண்டு. திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் படியூர் என்று ஓர் ஊர் வரும். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுவார்கள். அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பெரில் என்னும் கடல்நீல மணிக்கல் ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்தை அலங்கரித்திருக்கலாம், தெரியுமா? பெரில் கல் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அந்த இந்தியப் பெரிலுக்குப் பெயர்பெற்ற மிகப் பழைய சுரங்கம் படியூரில் இருந்தது.

கல்லைப் பட்டை தீட்டிய பட்டறை ஊர் எங்கே? அதுவும் சைக்கிள் தூரத்திலேயே, நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில். கொடுமணல்! பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழத் தொடங்கிய நாளிலிருந்து அந்த மண் கொடுத்துக்கொண்டே இருக்கிறது: பாதி தீட்டிய மணிகள், துளை போடாத மணிகள், கழித்துப்போட்ட சில்லுகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழ்பிராமி எழுத்தில் ஆட்கள் தங்கள் பெயரைக் கீறிவைத்த பானை ஓடுகள். நூல் நூற்கும் தக்களி வட்டுகளும் கிடைத்தன. திருப்பூருக்கு முன்னமே, அதே ஆற்றங்கரையில், ஏற்றுமதிக்குப் பொருள் செய்த ஒரு தொழில் நகரம்! மேட்டில் நின்று பார்த்தால் இன்று வெறும் காடும் பெருங்கற்களும்தான் தெரியும். அதற்காகவே சைக்கிளில் போக வேண்டும் என்கிறேன். காரில் வருகிறவர் 'ஒன்றும் இல்லையே' என்று திரும்பிவிடுவார். காலையிலிருந்து மிதித்துக் களைத்து வந்தவர் அந்தக் கல்வட்டங்களின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

நொய்யல் என்றதும் உங்களில் பலர் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். நியாயம்தான். வெள்ளியங்கிரியில் தெளிந்த சுனையாகப் பிறக்கும் ஆறு, திருப்பூரைத் தாண்டும்போது எந்த ஏற்றுமதி ஆர்டருக்கு என்ன நிறமோ அந்த நிறத்தில் ஓடிய காலம் நம் கண்ணெதிரே நடந்தது. 1992-ல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள்; அது சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாகிப்போனது. கீழே இருந்த கிணறுகள் கெட்டன, தென்னைகள் கருகின, விவசாயிகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டியிருந்தது. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்துவது, உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி உபயோகிப்பது என்று இவ்வளவு பெரிய தொழில் வட்டாரம் முழுவதும் அந்த முறைக்கு மாறியது இந்தியாவுக்கே புதிது.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஐரோப்பாவின் ரைன் ஆறும் ஒரு நாள் சிவப்பாக ஓடியது, தெரியுமா? 1986 நவம்பர் 1 அதிகாலை, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்கு அருகே சான்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்தும் சிவப்புச் சாயமும் ஆற்றில் இறங்கின. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மீன்கள் செத்து மிதந்தன. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே ரைன் கரை நாடுகள் ஒன்றுகூடி ஆற்றை மீட்டன. சால்மன் மீன்கள் மெல்லத் திரும்பி வந்தன. இன்று ஆல்ப்ஸ் மலையில் ரைன் பிறக்கும் இடத்திலிருந்து கடல் வரை யூரோவெலோ 15 என்ற சைக்கிள் பாதை ஆற்றோடு போகிறது. ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு மிதிக்கிறார்கள். செத்த ஆறு என்று எழுதப்பட்ட ரைன் அங்கே விடுமுறைத் தலமாகியிருக்கிறது என்றால், நொய்யல் கரையில் ஒரு சைக்கிள் பாதை வரக் கூடாதா? வெள்ளியங்கிரியிலிருந்து நொய்யல் கிராமத்தில் காவிரியைத் தொடும் வரை? நான் இதை ஆசையாகச் சொல்லவில்லை, கோரிக்கையாகவே வைக்கிறேன். ஆற்றோரம் ஆயிரம் பேர் சைக்கிளில் போய்வந்தால், இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிட எவருக்கும் துணிவு வராது.

நம்பிக்கைக்கு இடமும் இருக்கிறது. திருப்பூரின் வடக்கு விளிம்பில், பனியன் கம்பெனிகளின் கூரைகள் முடியும் இடத்தில், நஞ்சராயன் குளம் இருக்கிறது. சுமார் 126 ஹெக்டேர். 2022-ல் அது தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் உலகச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது! இத்தனை தறிச்சத்தத்துக்கும் லாரி இரைச்சலுக்கும் பக்கத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. முதல் நாள் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. விடியற்காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, குளத்தைப் பார்த்துவிட்டு, ஊத்துக்குளி போய் வெண்ணெய் வாங்கிக்கொண்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

இனி வேலியைப் பார்ப்போம். ஆம், வேலியை! பிரான்சின் நார்மண்டிப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் ஊருக்கு வந்து சொல்லி மாய்வது அங்கே வயல்களைச் சுற்றியிருக்கும் உயிர்வேலிகளைப் பற்றித்தான். காங்கேயத்தைச் சுற்றி மேய்ச்சல் நிலம் முழுக்க உயிர்வேலி போட்டிருக்கிறார்களே, அதைச் சொல்ல நமக்கு ஏன் தோன்றவில்லை? கொரங்காடு என்பார்கள் இங்கே. தலைமுறை தலைமுறையாக உழாமல் புல்லுக்கென்றே விட்டுவைத்த சொந்த நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றி நெருக்கமாக முள்கிளுவை வேலி. மழை பொய்த்த ஆண்டிலும் மாட்டுக்குப் பசி தெரியாமல் காப்பாற்றிய ஏற்பாடு. இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே வண்டி போகும் அளவுக்கு விட்ட தடத்துக்கு இட்டேரி என்று பெயர். இரு பக்கமும் வேலி, உள்ளே கௌதாரி, கீரி, ஓணான், காட்டுப்பூ. ஆடிக்காற்றுகூட அங்கே தணிந்துதான் நுழையும். சைக்கிள் போவதற்கென்றே அளவெடுத்த மாதிரி அகலம்! ஆனால் வேகமாக மறைந்துவருகிறது. தார் போட்டு, வேலி வெட்டி, கம்பி கட்டி, பல இட்டேரிகள் போய்விட்டன. மிச்சம் இருப்பதில் மிதித்துப் பாருங்கள்.

அந்தக் கொரங்காட்டில் நிற்கும் காங்கேயம் மாட்டைப் பற்றி ஒன்று தெரியுமா? கன்று பிறக்கும்போது செம்பழுப்பு நிறம். ஆறு மாதம் போனால் நிறம் மாறிச் சாம்பல் வெள்ளையாகிவிடும்! பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்த இனம். இன்று குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் மாடு ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாற்றும் வேலையைச் செய்துவருகிறது. வேலி ஓரமாக நிற்கும் காளை சைக்கிளைப் பார்த்துத் தலையைத் தூக்கினால் இறங்கி நின்று மரியாதை கொடுத்துவிட்டுப் போங்கள்.

காங்கேயத்துக்குச் சற்று முன்பே சிவன்மலை. ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பார்க்காமல் வரலாமா? பக்தர் ஒருவர் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்வான். அதைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்தவருக்கு அடுத்த பொருள் கனவில் வரும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், துப்பாக்கி, சைக்கிள் என்று பெட்டிக்குள் வராதது இல்லை என்று அங்கே சொல்வார்கள். படியேறிப் போனால் மேலிருந்து முழு வட்டாரமும் தெரியும்: கொப்பரை காயும் களங்கள், தென்னந்தோப்பு, அப்பால் வானத்தோடு கலந்த காடு. நாளைக்குப் போக வேண்டிய தடத்தை அங்கிருந்தே கண்ணால் அளந்துகொள்ளலாம்.

தடம் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வி வரும். ஐரோப்பாவில் இதற்கு ஓர் அற்புதமான வழி வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த யூகோ போலன் என்பவர், சுரங்கத்துக்குள் வழி தெரிய சந்திப்புகளுக்கு எண் போடுவதைப் போலச் சைக்கிள் பாதைகளின் சந்திப்புகளுக்கும் எண் போடலாம் என்றார். 1995-ல் லிம்பர்க்கில் தொடங்கி, நெதர்லாந்து முழுவதும் பரவிவிட்டது. 12, 45, 46, 80 என்று எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் போதும், வரைபடமே தேவையில்லை! கொங்கில் எண்ணுக்குப் பதில் பாளையங்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு பேக்கரி. அடுத்தடுத்த ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் பேக்கரியில் டீ சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

"ஏனுங்க, இந்தத் தடத்துல போனா கொடுமணலுக்குப் போகலாமுங்களா?"

"போலாமுங்க. அக்கட்டால ஒரு வேப்பமரம் வருமுங்க, அதுல சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக்குங்க. ஏனுங்க, இத்தனை தூரம் சைக்கிள்லயா வந்தீங்க? இருங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க."

எந்தச் செயலியும் மோர் கொடுக்காது.

கால்வாய்க் கரைகளும் இருக்கின்றன. பிரான்சில் 17-ஆம் நூற்றாண்டில் பியேர் போல் ரிக்கே வெட்டுவித்த 240 கிலோமீட்டர் 'மிடி' கால்வாயின் கரையில் மிதிக்க உலகமே போகிறது. அதைவிட நானூறு ஆண்டு மூத்த கால்வாய் நம்மிடம் இருப்பது தெரியுமா? 13-ஆம் நூற்றாண்டின் காலிங்கராயன் வாய்க்கால்! பவானி ஆற்றில் தொடங்கி, பாம்புபோல் வளைந்து வளைந்து 90 கிலோமீட்டர் வந்து நொய்யலைத் தொடுகிறது. இன்றும் மஞ்சளும் நெல்லும் வாழையும் அதில் விளைகின்றன. தெற்கே பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் பிரதானக் கால்வாய் திருமூர்த்தி அணையிலிருந்து வெள்ளகோவில் பக்கம்வரை 120 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. கரைப்பாதை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. மண்ணும் சரளையும் மாறி மாறி வரும், சில இடங்களில் நீர்வளத் துறை அனுமதி வேண்டும். அந்தந்த ஊரில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். தண்ணீர் விடும் பருவத்தில் பிள்ளைகளைக் கரையோரம் ஓட்ட விடாதீர்கள்.

எந்தச் சைக்கிள் என்று கேட்பீர்கள். லட்ச ரூபாய்ச் சைக்கிள் தேவையில்லை. இந்தச் சமவெளிக்குப் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளே தாங்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுச் சாலையை நிறைத்தார்களே, கியர் வைத்த சைக்கிளிலா ஓட்டினார்கள்? ஒரு வியப்பைக் கேளுங்கள்: நம் கிராமத்துச் சைக்கிளின் டியூபில் இருக்கும் அதே பழைய டன்லப் வால்வுதான் நெதர்லாந்தின் சாதாரண நகரச் சைக்கிள்களிலும் காலங்காலமாக இருந்துவருகிறது! சிக்கல் வருவது வெளிநாட்டுப் பாணி ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்குத்தான். அதில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. மூலனூரில் பஞ்சர் கடைக்காரரின் பம்பு அதில் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கும் ஒரு பித்தளை அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளாவிட்டால் சுற்றுலா அங்கேயே முடிந்துவிடும். வேலிக்கருவை முள்ளும் நெருஞ்சியும் தாராளமாக இருக்கும் மண் இது. மாற்று டியூப் இரண்டு அவசியம்.

உடைக்கு எங்கே போக வேண்டும்? உலகத்தில் எந்தச் சைக்கிள்காரருக்கும் இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது: காதர்பேட்டை! ஏற்றுமதியில் மிஞ்சிய பீஸ்கள் குவிந்து கிடக்கும் சந்து. வாங்குமுன் துணியை உள்புறமாகத் திருப்பித் தையலில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஓவர்லாக் தையல் திண்டு மாதிரி தட்டுப்படும். நாள் முழுக்க மிதித்தால் அந்தத் திண்டு தோலை உரசிப் புண்ணாக்கிவிடும். பேட்லாக் அடித்த தையல் தட்டையாக இருக்கும், உரசாது. இந்த வித்தியாசத்தை ஐரோப்பாவில் கடைக்காரர் விளக்கிச் சொல்லி விலையைக் கூட்டுவார். திருப்பூரில் எந்த டெய்லரம்மாவைக் கேட்டாலும் நொடியில் காட்டிவிடுவார். பகலில் மிதிக்க வியர்வையைப் பிடித்துவைக்காத பாலியஸ்டர் நிட், மாலையில் மாற்றிக்கொள்ளப் பருத்திப் பனியன். இவ்வளவு போதும்.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் ஜெர்சி அணிவது ஏன் தெரியுமா? பந்தயத்தை நடத்திய 'லோட்டோ' பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. அந்த நிறம் 1919-ல் ஜெர்சிக்கு வந்தது. அன்றைக்குக் கம்பளி நூலில் பின்னியவை அவை. அதற்கு ஆறே ஆண்டு கழித்து, 1925-ல், திருப்பூரில் முதல் பனியன் பட்டறை தொடங்கியது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார். வட்டப் பின்னல் துணியின் வழியாக ஐரோப்பாவுக்குக் கதவு திறந்தது அப்படித்தான். இன்று டான்யூப் கரையில் மிதிக்கும் ஒரு குடும்பத்தின் உடம்பில் இருக்கும் பனியன் இங்கே ஒரு பவர் டேபிளில் தைத்ததாக இருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. அதைத் தைத்தவர் இதுவரை சைக்கிளில் ஒரு விடுமுறை போனதுண்டா என்பதுதான் என்னை வாட்டும் கேள்வி.

போக முடியாத அளவுக்கு அது செலவான காரியமே இல்லை. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் போதும். ஐரோப்பாவில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். அவர்கள் பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்புவார்கள். நமக்கு அது சரிப்படாது. விடிவெளிச்சம் வந்ததும் கிளம்பி, பத்தரைக்குள் பெரும்பகுதியை முடித்து, மதியம் ஒரு தோப்பிலோ கோயில் மண்டபத்திலோ படுத்து, நான்கு மணிக்கு மேல் மிச்சத்தை மிதித்து, இருட்டுமுன் ஊர் சேர வேண்டும். இரவில் தாராபுரம் சாலை வேண்டவே வேண்டாம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஷிப்மென்ட் அவசரத்தில் பறக்கும் நேரம் அது. பகலிலும் நெடுஞ்சாலையை விட்டு ஊர்த்தடங்களிலேயே போங்கள். தலைக்கவசமும் பின்விளக்கும் கட்டாயம்.

ஆடியில் லீவு கிடைக்காதவர்களுக்குத் தீபாவளி, பொங்கல் வாரங்கள் இருக்கின்றன. கம்பெனிகள் பூட்டி, ஊரே சொந்த ஊர்களுக்குக் கிளம்பிப் போயிருக்கும். திருப்பூர்ச் சாலைகள் காலியாகக் கிடப்பதை அப்போதுதான் பார்க்க முடியும். தைமாதத்தில் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து மெதுவாக வரும், எந்தப் பக்கம் போனாலும் பெரிய தொல்லை இல்லை. மழை முடிந்து கொரங்காடு பச்சையாக இருக்கும் மாதமும் அதுதான்.

ஆனாலும் என்னைக் கேட்டால் ஆடியே. அதிலும் ஒரு தேதிக் கணக்கு வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் முன்னால் அமராவதி அணையில் கிளம்புங்கள். முதல் இரவு மடத்துக்குளம் பக்கம், இரண்டாம் இரவு தாராபுரம், மூன்றாம் இரவு சின்னதாராபுரத்தைத் தாண்டி எங்காவது, நான்காம் நாள் கரூர். ஆடி 18 காலையில், கரூருக்குக் கிழக்கே திருமுக்கூடலூரில், நீங்கள் நான்கு நாளாகக் கூடவே வந்த அமராவதி காவிரியில் கலக்கும் இடத்தில் இருப்பீர்கள். முளைப்பாரியும் மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியுமாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் கரையில் இறங்குவார்கள். சித்ரான்னப் பொட்டலம் உங்களுக்கும் ஒன்று நிச்சயம் வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்குக் கரூர் ரயில் நிலையத்தில் சைக்கிளை லக்கேஜ் வேனில் பதிவு செய்துவிடலாம். வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பயணச்சீட்டைக் காட்ட வேண்டும், சைக்கிளில் பெயரும் போய்ச்சேரும் ஊரும் எழுதிய அட்டை கட்ட வேண்டும், பெடலைத் திருப்பி மாட்டினால் இடம் அடைக்காது. ஈரோட்டில் வண்டி மாற வேண்டி வந்தால் சைக்கிளை நேராகத் திருப்பூருக்கே பதிவு செய்ய முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு அன்று கூட்டம் அதிகம் என்பதால் மறுநாள் காலை வண்டிக்கே டிக்கெட் போடுங்கள்.